சைக்கிளை ஆணியில் மாட்டப் போவதில்லை

என் செல்ல மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது, இங்கே எல்லாருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது, எனக்கு மட்டும் முழங்கையில் கொஞ்சம் சிராய்ப்பு, அதற்குப் பிறகு வருகிறேன், நீயும் மருமகளும் குழந்தையும் சுகம்தானே. முதலில் நல்ல சேதி. உன் அண்ணனின் மூத்தவன் பேங்க் பரீட்சையில் தேறிவிட்டான். இளையவன் நீச்சலில் இரண்டாவது பரிசு, முதலில் வந்தவன் அவனைவிட ஒரு முழம் வளர்த்தியாம், அதனால் இதையும் முதல் பரிசாகவே நீ கணக்கில் வைத்துக்கொள். உன் மகள் பள்ளிக்கூடத்தில் மேடையேறிப் பாடியதை நான் தெருவில் சொல்லாத வீடில்லை. உன் அக்கா மகள் வாண்டு, பெயர்தான் வாண்டு, ஆள் உன் உயரம், தன் கையால் இரும்புக் குழாயை அறுத்து அரத்தால் ராவிப் பித்தளையை உருக்கிப் பற்றவைத்து முழு சைக்கிளே செய்கிறாள். தபால்காரப் பெண் தனக்கொன்று வேண்டுமென்று அவளைத் தேடி வந்து சொல்லியிருக்கிறாள்.

அந்த வாண்டிடம்தான் நீ போனில் கத்தியிருக்கிறாய். உன் சைக்கிளால் என் அம்மா இடுப்பு உடைந்தால் யார் பார்ப்பது, அதை ஆணியில் மாட்டு, குழாய் ஒட்டுவதை விட்டு உருப்படியாக ஒரு வேலைக்குப் போ என்றாயாம். எதிர்வீட்டு ரிட்டயர்டு கண்டக்டர் சொன்னதைக் கேட்டு ஆடியிருக்கிறாய். நான் விழுந்து புடவைத் தூசியைத் தட்டி முடிப்பதற்குள் அவர் உனக்கு போன் போட்டுவிட்டார், பஸ்ஸில் விசில் ஊதிய வேகம் இன்னும் போகவில்லை. அன்றிலிருந்து அந்தப் பெண் பட்டறையில் நெருப்பே மூட்டவில்லை. தபால்காரப் பெண்ணின் ஃபிரேம் பாதி மூட்டோடு, குழாயை இறுக்கிப் பிடிக்கும் கருவியில் நிற்கிறது, வேறு யாரிடமாவது செய்யச் சொல்லிவிடுங்கள் என்று அவளிடமே சொல்லப் போனாள். நான் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பேனா?

நடந்ததைக் கேள். எனக்கு சைக்கிள் செய்ய அவள் என்னைச் சுவரோரம் நிறுத்தி அளவெடுத்தபோது பட்டறையில் நாலு பேர் வேடிக்கை பார்த்தார்கள், அந்தக் கண்டக்டரும் ஒருவர். கிழவிக்குக் கூன் விழுந்துவிட்டது என்று அவர் நினைத்துவிடக் கூடாதே என்று நான் மூச்சை இழுத்துப் பிடித்து நெஞ்சை நிமிர்த்தி, குதிகாலையும் தூக்கிக்கொண்டேன். புடவை மறைத்ததில் யாருக்கும் தெரியவில்லை. சும்மா நில்லுங்க பாட்டி என்று அவள் சொல்லத்தான் சொன்னாள், நான் எப்பவும் இப்படித்தான்டி நிற்பேன் என்றேன். அவள் நிமிர்ந்து நின்ற என் அளவுக்கே செய்தாள். ஓட்டும்போது ஒன்றுமில்லை, தையற்கடை முன்னால் நிறுத்தக் காலை ஊன்றினேன், தரை எட்டவில்லை, அவ்வளவுதான். ஃபிரேமில் ஒரு குறையும் இல்லை. குறை என் குதிகாலில்.

இதை அவளிடம் போய்ச் சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தால் அழுதாள், பிறகுதான் சிரித்தாள். அழுது முடித்திருந்தால் அடுப்பை மூட்டு என்றேன். என் சைக்கிளின் குழாய் மூட்டுகளைச் சிவக்கக் காய்ச்சிப் பிரித்து, சீட்டைத் தாங்கும் குழாயை அறுத்துக் குட்டையாக்கி, மேல்குழாயைக் கீழிறக்கி மறுபடி பற்றவைத்தாள். அதற்கு முன்னால், இந்தத் தடவை என்னைக் கூனோடே நிற்க வைத்து அளந்தாள், புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டுத்தான் டேப்பையே எடுத்தாள். அந்த மூட்டில் பெயின்ட் அடிக்காதே, வார்னிஷ் மட்டும் பூசு, பித்தளை மஞ்சளாகத் தெரியட்டும், கேட்கிறவர்களுக்கு நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன். நேற்று கண்டக்டர் வீட்டு வாசலில் போய் மணியடித்தேன். இந்த வயசுல இதெல்லாம் தேவையாம்மா என்றார். இறங்கிக் காட்டவா, ஏறிக் காட்டவா என்று கேட்டு இரண்டையும் காட்டினேன். அவர் மனைவி தனக்கும் ஒன்று செய்யக் கேட்டுவிட்டு உள்ளே போனாள். இதை உன் காதில் அவர் போட்டிருக்க மாட்டார்.

ஆகையால் சைக்கிள் ஆணிக்குப் போகாது. அவளும் வேறு வேலைக்குப் போகமாட்டாள், தபால்காரப் பெண்ணின் ஃபிரேமுக்குக் காலையிலேயே நெருப்பு மூட்டிவிட்டாள். நீ தாய்மாமன், கத்தத் தெரிந்தது போல ஒரு நல்ல வார்த்தை சொல்லவும் தெரிய வேண்டும், இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அவளைக் கூப்பிட்டுப் பேசு. அஞ்சாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன், பிழை இருந்தால் திருத்திக்கொள், விஷயத்தைத் திருத்தாதே. வேளைக்குச் சாப்பிடு, மருமகளை வேலையோடு வேலையாக இளைக்க விடாதே, குழந்தைக்குத் திருஷ்டி படாமல் இருக்கட்டும், மூன்று பேரும் குறைவில்லாமல் நூறு வருஷம் இருங்கள்.

மறக்காமல் ஒன்று. நீ லீவில் வரும்போது உனக்கும் ஒரு சைக்கிள் தயாராக இருக்கும், அளவை வாண்டு போனில் கேட்டுக்கொள்வாள், ஆனால் நீ எப்படி நிற்கிறாய் என்று பார்க்க அவளுக்குப் புதிதாக ஒரு போட்டோ வேண்டுமாம். போன தடவை அனுப்பியதில் காரில் சாய்ந்து வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கிறாய், நான் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டேன், என் பிள்ளைதானே. செருப்பில்லாமல், மூச்சை விட்டு, தொப்பையோடு, உச்சி முதல் பாதம் வரை தெரிகிற மாதிரி ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு. குதிகால் தரையில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
சைக்கிளில் வந்து இதைத் தபால்பெட்டியில் போடப்போகும்
உன் அம்மா