வியாழக்கிழமை எண்ணெய்க் குளியல்

1955, மாசி, வியாழக்கிழமை இரவு.

பிரெஞ்சுக்காரன் எங்கள் ஊரை விட்டுப் போய்விட்டான். அவன் காலத்திலிருந்து எங்கள் பள்ளிக்கு இருந்த வியாழக்கிழமை விடுமுறையும் இந்த வாரத்திலிருந்து சனிக்கிழமைக்குப் போய்விட்டது. ஆண்டு விழா நெருங்குகிறது. "வியாழக்கிழமை ஒத்திகை. வராதவன் நாடகத்திலேயே கிடையாது" என்று வகுப்பில் பையன்களை மிரட்டிய வாத்தியார் நான்தான்.

இன்று காலை, இத்தனை வருஷத்து விடுமுறைப் பழக்கத்தில், தலை நிறைய எண்ணெயோடு கொல்லையில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் சைக்கிள் மணி அடித்தது. மன்னார்குடியிலிருந்து புதிதாக வந்திருக்கும் தலைமையாசிரியர். அவர் பின்னால், அட்டைக் கிரீடத்தோடு என் நாடகத்து ராஜா காதர்.

"பசங்கள்லாம் வேஷத்தோட காத்திருக்காங்க. உடம்பு சரியில்லையா சார்?"

"இல்லீங்க சார். இன்னைக்கு வியாழக்கிழமை."

"ஆமாம், அதுக்கென்ன?"

அவர் கேலி செய்யவில்லை. நிஜமாகவே அவருக்கு விளங்கவில்லை. மன்னார்குடியில் வியாழக்கிழமை விடுமுறை ஏது? காதர் கிரீடத்தைக் கழற்றிக்கொண்டு தரையைப் பார்த்தான்.

கொடி மாறிய அன்று நானும்தான் கைதட்டினேன். அதோடு வியாழக்கிழமையும் போகும் என்று ஒருத்தரும் சொல்லவில்லையே என்று இப்போது கோபம் வருகிறது. யார் சொல்லவில்லை? வகுப்பில் நின்று சொன்னவனே நான்தானே.

"ஊரெல்லாம் சனிக்கிழமைதானே தேச்சுக் குளிக்குது? அன்னைக்கே எண்ணெ காய்ச்சட்டுமா?" என்று மனைவி கேட்டாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.