சின்ன வண்டிக்குள் பெரிய இன்ஜின்

அன்புள்ள மூத்தவளுக்கு, அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பியே தொடங்குகிறேன். இங்கே எங்களுக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை, நிம்மதிதான் இல்லை. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன், கணக்குப் பார்க்கும் பெண் இதைப் படம் பிடித்து அனுப்புவாள். படித்த கையோடு உன் தம்பியைக் கூப்பிட்டுப் பேசு.

அவனுடைய குட்டிக் காரைச் சிநேகிதர்கள் தையல் மெஷின் என்று கேலி செய்வது உனக்குத் தெரியும். அது அவனுக்கு ரொம்ப உறைத்துவிட்டது. போன மாதம் தொப்பி மெக்கானிக் நம் பழைய சாமான் கடைக்கு வந்து, பின்பக்கம் நசுங்கிய பெரிய வண்டியிலிருந்து நான் இறக்கி வைத்திருந்த இன்ஜினைக் கேட்டான். யாருக்கு என்றேன், ஒரு பார்ட்டிக்கு என்றான். நானும் சாமர்த்தியமாகப் பேசி, கியர் பாக்ஸையும் சேர்த்து அவன் தலையில் கட்டி, சங்கிலி போட்டு நானே வண்டியில் ஏற்றிவிட்டேன். அந்தப் பார்ட்டி உன் தம்பி. ஊருக்கெல்லாம் விற்ற நான் என் வீட்டுக்கே விற்றிருக்கிறேன்.

நேற்று அந்த இன்ஜினைப் பொருத்திய குட்டிக் காரில் என்னை ஏற்றினான். பாரம் தாங்காமல் மூக்கு தொங்குகிறது, பானெட் மூடாததால் நடுவில் வெட்டியிருக்கிறார்கள். சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சில் பாதி பெரிய வண்டியுடையது, பாதி சின்ன வண்டியுடையது, நடுவில் வெல்டிங். பிரேக் மட்டும் அதே பழைய பிரேக். நம் கடை வாசலில் நிற்கவேண்டிய வண்டி பக்கத்துச் சலூனையும் தாண்டிப் போய் நின்றது. சலூன்காரர் கத்தியும் கையுமாக ஓடி வந்து, ஏங்க, உள்ளயே ஓட்டிட்டு வந்து ஷேவிங் பண்ணிக்கலாம்னு பாத்தீங்களா என்றார். எல்லோரும் சிரித்தார்கள், உன் தம்பியும். நான் இறங்கிப் போய்ச் சக்கரத்தைப் பார்த்தேன். நொறுங்கிய வண்டிகளைத் தினமும் பிரிப்பவன் நான், சீட்டில் என்னென்ன ஒட்டியிருக்கும் என்று பார்த்தவன். பிரேக்கையாவது மாத்துடா என்று கெஞ்சினேன். பழைய இரும்பு விக்கிறவருக்கு ஸ்பீடைப் பத்தி என்ன தெரியும் என்று கேட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை புதுப் புறவழிச்சாலையில் சிநேகிதன் வண்டியோடு பந்தயமாம்.

இன்று அவன் பஸ்ஸில் வேலைக்குப் போனதும் ஜாக்கி வைத்து அந்த ஆக்சிலை உருவி எடுத்துவிட்டேன். அதை ஒட்டிக் கொடுத்த லேத்காரரிடம் போய், அவன் வந்தால் இன்னொன்று செய்து தராதீர்கள் என்று கேட்டேன். நம்மைப் போலவே பழைய சாமான் விற்கும், பேச்சுவார்த்தை விட்டுப்போன எதிர்க்கடைக்காரர் படியும் ஏறி, அவனுக்கு எதுவும் விற்காதீர்கள் என்று கேட்டேன். குத்திக்காட்டுவார் என்று நினைத்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு, மொதல்ல உக்காருங்கண்ணே என்றார், அதில்தான் எனக்குப் பயம் அதிகமாகிவிட்டது. நான் குடுக்கலேன்னா அடுத்த ஊர்ல வாங்குவான், எத்தனை படிண்ணே ஏறுவீங்க என்றார். உன் அம்மாவோ, நான் பக்கத்துல உக்காந்தா மெதுவாத்தான் ஓட்டுவான், ஞாயித்துக்கிழமை நானும் ஏறிக்கறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அவனும், வாம்மா, பெல்ட் போட்டுக்க என்கிறான்.

உன் பேச்சு ஒன்றுதான் அவனிடம் எடுபடும். திட்டாதே, முறுக்கிக்கொள்வான். முதலில் இன்ஜின் சத்தத்தைப் புகழ், நிஜமாகவே நன்றாகத்தான் உறுமுகிறது. பிறகு, பெரிய பிரேக்கும் ஒரே துண்டாகச் செய்த ஆக்சிலும் போடும்வரை வண்டியைத் தெருவில் இறக்கக்கூடாது என்று உன் குழந்தை மேல் சத்தியம் வாங்கு. சாமான் எல்லாம் நான் ஏற்பாடு செய்கிறேன். அப்பா தருகிறார் என்று மட்டும் சொல்லிவிடாதே, தொடமாட்டான். அக்கா வாங்கித் தருகிறேன் என்று சொல்.

குட்டிக்கு என் முத்தம். நீங்கள் எல்லோரும் நீண்ட காலம் நன்றாக இருக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே பேசிவிடு, மறக்காதே. அப்படியும் அவன் கேட்கவில்லை என்றால் உன் அம்மாவைப் பூஜையறையிலோ குளியலறையிலோ எங்கேயாவது வைத்துப் பூட்டிவிட்டு, அவள் இடத்தில் நான் ஏறி உட்காருவேன். இதை அவளிடம் சொல்லவேண்டாம்.

உன் பதில் வரும்வரை கடையைப் பூட்டாமல் உட்கார்ந்திருக்கும்,
அப்பா.