செல்லியம்மா கொண்டுவந்த தட்டு

பாலக்கோடு

அன்புள்ள இளம்பரிதிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கை காவேரியும் சுகம், நீ அந்த ஊர்க் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் கண்ணு. போனில் ஆரம்பித்தால் டூட்டிம்மா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதி, இதைப் படம் பிடித்து அனுப்பக் காவேரியிடம் சொல்கிறேன், முழுசாகப் படி. தக்காளி விலை விழுந்துவிட்டது, அப்பா மார்க்கெட் வரைக்கும் போய் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து மாட்டுக்குக் கொட்டினார், அன்றிலிருந்து யாரோடும் சரியாகப் பேச்சில்லை.

ஞாயிற்றுக்கிழமை அரூரிலிருந்து செல்லி என்று ஒரு அம்மா வந்தார். கையில் தட்டு, அதில் வெற்றிலை பாக்கு, பழம், பூ. மகள் கலைமதி உன் டிபார்ட்மெண்டில்தான் சர்ஜரி மேல்படிப்பு படிக்கிறாள் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நம் பையன் வாயைத் திறக்காமலே காரியத்தை முடித்துவிட்டான், பெண் வீட்டார் சம்பந்தம் பேச வந்துவிட்டார்கள் என்று நினைத்து, இரண்டு கையாலும் தட்டை வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டேன். கேசரிக்கு ரவைகூட வறுத்தாயிற்று. சிரிக்காதே, உனக்கு முப்பத்திரண்டு ஆகிறது, நான் வேறென்ன நினைப்பேன்?

அப்புறம்தான் அந்தம்மா அழ ஆரம்பித்தார். கலைமதி படிப்பை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்கிறாளாம். உங்கள் பெரிய டாக்டர் நோயாளிகள் முன்னாலேயே கேஸ் ஷீட்டை அவள் மேல் வீசுகிறாராம், ஆபரேஷன் தியேட்டரில் எதையும் தொடவிடாமல் மூலையில் நிறுத்திவைக்கிறாராம், பொம்பளைக்கு எதற்குச் சர்ஜரி என்கிறாராம். நீ பக்கத்திலேயே நிற்கிறாயாம். தனியாக உன்னிடம் வந்து சொன்னதற்கு, நாங்களும் இப்படித்தான் வந்தோம், பொறுத்துக்கொள் என்றாயாம். அங்கே யாரிடமும் முறையிட முடியாமல், நீ பாலக்கோட்டுக்காரன் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு விசாரித்து நம் வீட்டுக்கு வந்திருக்கிறார். கிளம்பும்போது அவர் கேட்டது இன்னும் காதிலேயே நிற்கிறது. "உங்க பையன் நல்லவருன்னு எம் பொண்ணே சொல்றா. நல்லவரு ஏங்க சும்மா நிக்கறாரு?"

உனக்கும் பயம் இருக்கும் சாமி, பதவி உயர்வுக்கு அந்தப் பெரிய டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும் என்று போன பொங்கலுக்கே சொன்னாய். ஆனால் நீ மேல்படிப்புக்குச் சேர்ந்த புதிதில் பாத்ரூமிலிருந்து போன் போட்டு அழுதாயே, அன்றைக்கு ஒரு சீனியர் டீ வாங்கிக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்ததால்தானே படிப்பை முடித்தாய். பெரியவரோடு சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. உன் ஆபரேஷனில் அவளைச் சேர்த்துக்கொள், கூட நின்று சொல்லிக்கொடு. அவர் அடுத்த முறை வீசினால், இது சரியில்லை சார் என்று ஒரு வார்த்தை சொல். கையெழுத்து தள்ளிப்போனால் போகட்டும். அந்தம்மா என்ன கேட்க வந்தார் என்று தெரியாமல் வாங்கினாலும் வெற்றிலை பாக்கு வாங்கினது வாங்கினதுதான், என் பையன் பார்த்துக்கொள்வான் என்று வாக்குக் கொடுத்து அனுப்பிவிட்டேன். கோபம் வந்தால் ஊருக்கு வந்து திட்டு, அப்படியாவது உன் முகத்தைப் பார்க்கிறேன்.

தீர்த்தமலை ஈஸ்வரன் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். தலைக்கு எண்ணெய் வை. வெள்ளிக்கிழமை அந்தப் பெண் படிப்பை விடுவதாக எழுதிக் கொடுக்கப் போகிறாளாம், ஞாபகம் இருக்கட்டும். சாப்பிட்டாயா என்று தினமும் காலையில் போடுகிற போனை நாளையிலிருந்து போட மாட்டேன். அவளிடம் பேசிவிட்டு நீயே கூப்பிடு. அதுவரைக்கும் போனை விட்டு நகராமல் உட்கார்ந்திருப்பேன்.

உன் அம்மா
அமுதவல்லி