கூரைப் பலகையின் வயரும் எனது கைச்சைகையும்

அனுப்புநர்:
திருமதி கொன்ஸ்ரன்ஸ் செபஸ்தியன்,
இல. 41/7, இரண்டாம் மாடி,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.

பெறுநர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
சாரதிச் செயன்முறைப் பரீட்சைப் பிரிவு,
கொழும்பு.

பொருள்: 2025.09.16 அன்று நான் சித்தியடையவில்லை எனப் பதியப்பட்ட பரீட்சையை மீள்பரிசீலனை செய்தல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் அறுபத்தொரு வயதுடையவள். துறைமுகத்துக்கு அண்மையில் ஒரு கப்பல் முகவர் நிலையத்தில் முப்பத்திரண்டு வருடங்கள் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றேன். தங்கள் எழுத்துப் பரீட்சையில் நாற்பதுக்கு முப்பத்தெட்டுப் புள்ளிகள் எடுத்தேன். தவறிய இரண்டு கேள்விகளும் பாரவூர்திகளைப் பற்றியவை. அவற்றை ஓட்டும் உத்தேசம் எனக்கு இல்லை.

2. செயன்முறைப் பரீட்சைக்கு நான் கொண்டுவந்த கார் எங்கள் பகுதிச் சாரதிப் பயிலகம் ஒன்றுக்குரியது. அதன் உரிமையாளரும் எனது பயிற்றுநருமான திரு. அகீல், காரின் கூரையில் விளக்கு வைத்த பெயர்ப்பலகை ஒன்றைப் பொருத்தியுள்ளார். விளக்கின் வயர் கூரையிலிருந்து இறங்கி, முன் இடப்பக்கக் கதவின் இடுக்கால் உள்ளே போய், சிக்னல் விளக்குகளின் பியூசிலேயே கொடுக்கப்பட்டிருந்தது. கதவைச் சாத்தும்போது வயர் நசிகிறது என்று முதல்நாளே சொன்னேன். "மூணு வருஷமா அப்புடித்தான் கெடக்கு அன்ரி, ஒண்டும் ஆகல்ல" என்றார். எனக்கு அப்போது கிளச்சே பிடிபட்டிருக்கவில்லை, ஆகவே வாதிக்கவில்லை.

3. பரீட்சையன்று பரீட்சகர் இடப்பக்க ஆசனத்தில் அமர்ந்து கதவைச் சாத்தினார். அது சரியாக மூடவில்லை. கடமையுணர்வுள்ளவர் ஆதலால், திறந்து முழுப் பலத்துடன் மீண்டும் சாத்தினார். கதவு மூடிக்கொண்டது. மூன்று வருடம் ஒன்றும் ஆகாத வயர் அந்தக் கணத்தில் ஓய்வு பெற்றது. கூடவே பியூசும் போனது, பின்னர் திரு. அகீல் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது.

4. முதல் இடத் திருப்பத்தில் சிக்னலைப் போட்டேன். வழமையான டிக் டிக் சத்தம் வரவில்லை. காரை ஓரமாக நிறுத்திப் பரீட்சகரிடம் சொல்லியிருக்கலாம், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நேரம் என் நினைவில் வந்தது தங்கள் கைநூலிலுள்ள படம்தான். வலக்கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, இடப்பக்கம் திரும்புவதற்கு உரியவாறு வட்டமாகச் சுழற்றினேன்.

5. பின்னால் சைக்கிளில் வந்த லொத்தர்ச் சீட்டு வியாபாரி, தம்மை நான் கூப்பிடுவதாக விளங்கிக்கொண்டார். சந்தியில் நான் நிறுத்தியதும் ஜன்னலருகே வந்து, "என்ன நம்பர் பாக்கிறீங்க மிஸ்?" என்று சீட்டுகளை விரித்தார். வேண்டாமென்று தலையசைத்தேன். யாருக்குக் கை காட்டுகிறீர்கள் என்று பரீட்சகர் சிங்களத்தில் கேட்டார். வீதிக்கு என்று நானும் சிங்களத்தில் சொன்னேன். அவர் திருப்தியடைந்ததாகத் தெரியவில்லை. அடுத்து வலப்பக்கம் திரும்புவதற்குக் கையை நேராக நீட்டியபோது, வியாபாரிக்கு மறுபடி நம்பிக்கை பிறந்து, அந்தத் தெரு முடியும்வரை எங்களுடன் வந்தார்.

6. எனது பெறுபேற்றுத் தாளில், "சமிக்ஞை தரவில்லை, வீதியிலுள்ளவருடன் உரையாடினார்" என்று எழுதப்பட்டுள்ளது. உரையாடியவர் அந்த வியாபாரி, அவரிடம் நான் வாயே திறக்கவில்லை. சமிக்ஞையை நான்கு தடவை கொடுத்தேன். அதே கைச்சைகைப் படத்துக்கு நான் எழுதிய விடைக்குத் தங்கள் திணைக்களமே புள்ளி தந்திருக்கிறது என்பதைப் பணிவுடன் நினைவூட்டுகிறேன்.

7. கடந்த சனிக்கிழமை திரு. அகீல் வீடு தேடி வந்து, "பிழை என்ட பக்கம்தான் அன்ரி" என்றார். மன்னிப்பை ஏற்றுக்கொண்டேன், ஆனாலும் மருதானையிலுள்ள கராஜுக்கு நானும் கூடப் போய், வேலை முடியும்வரை ஸ்டூல் போட்டு இருந்தேன். இப்போது வயர் எந்தப் பக்கக் கதவையும் தொடுவதில்லை. சாமான் வைக்கும் பின்கதவின் மேல்விளிம்பால், கதவு திறந்து மூடப் போதிய தளர்வுடன், ரப்பர் குழாய்க்குள் போகிறது. மழைத் தண்ணீர் வயரோடு உள்ளே வழியாமல் இருக்க வெளியில் கீழ்நோக்கி ஒரு வளைவு விடப்பட்டுள்ளது. பலகைக்கெனத் தனிப் பியூஸ் உண்டு. பின்கதவை நானே இருபது தடவை சாத்திப் பார்த்தேன். புகைப்படங்கள் இத்துடன் உள்ளன.

8. பரீட்சகர் மீது எனக்கு மனக்குறை இல்லை. மறுபடியும் அவரே வந்தாலும் சந்தோஷம். பின்கதவை மட்டும் அவர் சாத்தாதிருந்தால் போதும். பரீட்சைக்கு வரும் கார்களின் கூரைப் பலகை வயர்களை, புறப்படுமுன் ஒருமுறை பார்க்கும்படி தங்கள் அலுவலர்களுக்கு அறிவித்தால் வேறு எவருக்கும் இந்நிலை வராது.

அவசரத்தின் காரணத்தையும் நான் சொல்லியாக வேண்டும். எனது கணவர் செபஸ்தியன் நாற்பது வருடம் கார் ஓட்டியவர். கடந்த மே மாதம் கண் வைத்தியர் இனி ஓட்ட வேண்டாம் என்றார். மறுபேச்சில்லாமல் அன்றே நிறுத்திக்கொண்டார். களனியிலுள்ள தமது தம்பியைப் பார்க்க அவர் இரண்டு பஸ் மாற வேண்டும். படி தெரியாமல் தடுமாறுவதை ஆட்கள் பார்ப்பார்கள் என்று நான்கு மாதமாகப் போகவில்லை. பற்றறி இறங்காதிருக்க ஞாயிறு பூசை முடிந்து வந்து எஞ்சினைப் போட்டுவிட்டு, இடப்பக்க ஆசனத்துக்கு மாறி, பெல்ற்றையும் மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் இருப்பார்.

நான் பரீட்சையில் தவறி வந்த அன்று அவர் தமது கோர்வையிலிருந்து கார்ச் சாவியைக் கழற்றி எனது கைப்பைக்குள் போட்டு, "இனி உன்னட்டையே இருக்கட்டும்" என்றார்.

ஆகவே பெறுபேற்றை மாற்ற விதி இடம் தராவிடின், அந்தச் சாவியைச் சட்டப்படி பயன்படுத்த எனக்கு ஒரு கிட்டிய திகதியைக் குறித்துத் தருமாறு மிகத் தாழ்மையுடன் வேண்டுகிறேன்.

இடம்: கொட்டாஞ்சேனை
திகதி: 2025.09.22

தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
கொன்ஸ்ரன்ஸ் செபஸ்தியன்

இணைப்பு: பெறுபேற்றுத் தாளின் பிரதி, வயரின் புகைப்படங்கள் மூன்று.