கனகா பரீட்சை எழுதிய சேதி

அன்பு மகள் தங்கத்துக்கு அம்மா எழுதுவது. பழமலைநாதர் புண்ணியத்தில் இங்கே நானும் உன் மகன் பிரவீன்குமாரும் மருமகள் அன்புக்கரசியும் குட்டிப்பயலும் சுகமாக இருக்கிறோம், மஸ்கட் வெயிலில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கும்பிடுகிறேன். போனில் பேசினால் வேலைக்கு நேரமாகிறது என்று பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் அங்கே திரும்புகிற பாலகிருஷ்ணனிடம் வடகத்தோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன், நிதானமாகப் படி.

போன தடவை நீ, அடுத்த வீட்டு விவகாரத்தில் என் பிள்ளை ஏன் தலையைக் கொடுக்கிறான் என்று சத்தம் போட்டாய். அப்போது நானும் உன் பக்கம்தான். அன்பு பத்தொன்பது வயதில் வயிற்றோடு காலேஜுக்குப் போனபோது, பெற்றுவிட்டு வா என்று அனுப்பினவர்கள் பிறகு சேர்த்துக்கொள்ளவே இல்லை, அவள் அழுததெல்லாம் உனக்குத் தெரியும். அதிலிருந்துதான் இரண்டு பேரும், சின்ன வயதில் உண்டாகிற பெண்ணும் கைக்குழந்தைக்காரியும் படிப்பை விடக்கூடாது என்று காலேஜ், ஆஸ்பத்திரி என்று அலைந்து பேசுகிறார்கள், இவனுக்கு ஆட்டோ ஓட்டுகிற நேரம் போக மீதியெல்லாம் அதற்குத்தான். இந்தத் தடவை வந்தது நம் தெரு கனகா. அதே வயது, அதே காலேஜ், செராமிக் டிப்ளமோ கடைசி வருஷம், எட்டாம் மாசம். பரீட்சை மாடியில் நடக்கும், பிராக்டிகல் சூளைப் பக்கம், ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று பிரின்சிபால் சொல்லிவிட்டார். அவள் மாமியார் சொர்ணாம்பாள் அதற்கும் மேலே, வளைகாப்பு முடிந்த கையோடு திட்டக்குடிப் பக்கம் மங்களூரில் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவேன், பரீட்சையாவது ஒன்றாவது என்று நின்றாள். "அக்கா, இந்த வருசம் வுட்டா அப்புறம் என்னை யாருமே அனுப்ப மாட்டாங்க" என்று கனகா நம் வீட்டில் வந்து அழுதாள்.

அன்பு காலேஜுக்குப் பேசப் போகிறாள் என்று தெரிந்ததும் சொர்ணாம்பாள் என்ன செய்தாள் தெரியுமா, நேராக மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோவிலுக்குப் போய் அன்பு மேல் பிராதுச் சீட்டு எழுதிச் சந்நிதியில் கட்டிவிட்டாள், பிறத்தியார் மருமகளைக் கெடுக்கிறாள், நீயே விசாரி சாமி என்று. கோர்ட்டுக் கேஸ் என்றால் வாய்தா வாங்கலாம், கொளஞ்சியப்பரிடம் என்ன வாய்தா வாங்குவது. விட்டுவிடு தாயி என்று அன்புவைக் கெஞ்சினேன், அவள் சிரிக்கிறாள். "ஒரு தரப்பை மட்டும் கேட்டு சாமி தீர்ப்பு சொல்லுமா ஆயா, நாமளும் ஒண்ணு கட்டுவோம் வாங்க" என்றாள். அதோடு விட்டாளா, சொர்ணாம்பாள் வீட்டுக்கே போய், "அத்தை, என்னா எழுதியிருக்கோம்னு நீங்களே வந்து கேளுங்க" என்று கூப்பிட்டாள். அவளும் சண்டைக்குத் தயாராகத்தான் ஆட்டோவில் ஏறினாள். சந்நிதியில் பிரவீன் எங்கள் சீட்டை உரக்கப் படித்தான், கனகா பரீட்சை எழுத வேண்டும், சொர்ணாம்பாள் வீட்டுக்கு வாரிசு நல்லபடியாக வரவேண்டும், அவர் மனதில் உள்ள பயம் போகவேண்டும் என்று. குற்றம் என்று ஒரு வார்த்தை இல்லை. சொர்ணாம்பாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்புறம்தான், "எம் மவ பஸ்ஸுல வுழுந்துதான் புள்ள தங்காம போச்சு, எனக்கு என்னா படிப்பு மேல வெறுப்பா" என்றாள். அத்தனை வீம்பும் பயம்தான் தங்கம். பிரவீன் உடனே, "பஸ்ஸே வேணாம் அத்தை, ஆட்டோவுல நான் உருட்டிக்கிட்டே போறேன், நீங்களும் வந்து காலேஜ் கேட்டுல குந்திக்குங்க" என்றான். "ஒன் ஆட்டோவுல ஏறுனா வவுத்துல இருக்கறது வழியிலயே வெளிய வந்துரும்டா" என்றாள். அதுதான் அவள் சம்மதம்.

மறுநாள் எல்லாருமாகக் காலேஜுக்குப் போனோம். பிரின்சிபால் விதியில் இடமில்லை என்று ஆரம்பித்தார். அன்பு பயலை இடுப்பில் வைத்துக்கொண்டே, "கூடாதுன்னு எந்த விதியில இருக்குது சார், காட்டுங்க. இல்லன்னா கீழ ஒரு ரூம் குடுங்க" என்றாள். அவர், யார் பொறுப்பு என்று மறுபடி கேட்டபோது சொர்ணாம்பாள் முன்னால் வந்து, "நான் பொறுப்பு, எம் மருமவ" என்றாள் பார், எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அவர் கீழே ஒரு ரூமுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். கனகா கீழ் ரூமில் உட்கார்ந்து எழுதினாள், பிராக்டிகலில் சூளை வேலையை மற்றப் பிள்ளைகள் பார்த்தார்கள், இவள் பாத்திரத்துக்குப் பளபளப்புக் கொடுக்கிற கிளேஸைக் கலந்து பூசிக் காட்டினாள். பரீட்சை முடிந்து கொஞ்ச நாளில் நம் கவர்மெண்ட் ஆஸ்பத்திரியிலேயே சுகப்பிரசவம், பெண் குழந்தை. ரிசல்ட்டும் வந்துவிட்டது, எல்லாவற்றிலும் பாஸ்! சொர்ணாம்பாள் கோவிலுக்குப் போய்ப் பிராதை வாபஸ் வாங்கினாள். கேட்டது நடந்ததா அம்மா என்று குருக்கள் கேட்டதற்கு, "நான் கேட்டது நடக்கலீங்க, கேக்காததுதான் நல்லபடியா நடந்துது" என்றாளாம். இனிமேல் இப்படி இருக்கிற பிள்ளைகளுக்குக் கீழ்த்தளத்தில் பரீட்சை, பால் கொடுக்க ஒரு ரூம் என்று காலேஜில் போர்டே எழுதி வைத்துவிட்டார்கள். நம் அன்புவையும் ஜூனில் வந்து மீதியை முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள், பயலை நான் பார்த்துக்கொள்வேன், நீ கவலைப்படாதே.

நேற்று சொர்ணாம்பாள் கம்மாபுரத்திலிருந்து ஒரு பெண்ணைக் கையைப் பிடித்து அழைத்துவந்தாள், தோளில் பச்சைக்குழந்தை, நர்சிங் பாதியில் நிற்கிறது. பின்னாலேயே அந்தப் பெண்ணின் மாமியார் முறைத்துக்கொண்டு வந்தாள். அன்பு வாய் திறப்பதற்குள் சொர்ணாம்பாள் அந்த மாமியாரை நாற்காலியில் உட்காரவைத்து, "பயமாத்தான் இருக்கும், எனக்குத் தெரியாதா, மொதல்ல எங்கிட்ட சொல்லு" என்கிறாள்.

உன் பிள்ளையும் மருமகளும் செய்ததை நினைத்து நீ தலை நிமிர்ந்து நடக்கலாம். இதைப் படித்ததும் அன்புவுக்குப் போன் போட்டு நீ ஒரு வார்த்தை வாய் நிறையச் சொல்லு, மறந்துவிடாதே. பிரஷர் மாத்திரையை விடாமல் போடு, வடகத்தை வெயிலில் ஒரு முறை காட்டிவிட்டு டப்பாவில் வை. ஆயுசோடும் ஆரோக்கியத்தோடும் நன்றாக இரு தாயி.

இப்படிக்கு, உன்னை எப்போதும் நினைத்திருக்கும் அம்மா
கொளஞ்சியம்மாள்
விருத்தாசலம்