துரையின் மேல் உட்கார்ந்திருந்தோம்

சாந்தோம்,
நவம்பர் 4

அன்பு மகள் லிசாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் அம்மா ஃப்ளோராவும் நலம், என் முழங்கால் மட்டும் அந்தக் கணக்கில் சேராது. நீயும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு சுகமாய் இருப்பாய் என்று நம்புகிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் உன் அம்மா என் போனை எடுத்துப் படித்து, பதிலையும் அவளே போட்டுவிடுவாள், அதனால்தான் தபால்.

நீ சுவீடனில் கோத்தன்பர்க் போன இடத்தில், வம்சம் பார்க்கும் டிஎன்ஏ சோதனைக்கென்று ஒரு குப்பியில் எச்சில் துப்பி அனுப்பி, அம்மா வழியில் கார்ல் ஹோல்ம் என்று ஒரு சுவீடன் துரை இருந்தார் என்று கண்டுபிடித்தாலும் கண்டுபிடித்தாய், இங்கே உன் பவுல்சாமி மாமாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. அடையாறு வீட்டு வாசலில் நீலமும் மஞ்சளுமாய் ஒரு சுவீடன் கொடி. ரசத்தில் மிளகு தூக்கல், எங்க உடம்புக்கு ஒத்துக்காது மச்சான் என்கிறான், போன மாதம் வரை அதே ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடித்தவன். உங்க பக்கத்துல யாராவது செங்கல்பட்டு தாண்டியிருக்காங்களா என்று வேறு கேட்கிறான். எங்கள் பெரியப்பா ஒருவர் ரயிலில் தூங்கிப்போய் விழுப்புரம் வரை போயிருக்கிறார், அதை எப்படிப் பெருமையாகச் சொல்வது.

அவன் கிடக்கட்டும், உன் மார்கரேட்டாவுக்கு வருகிறேன். துரையின் தம்பி வழியில் வந்தவராம், சரி. அந்த அம்மாள் பின்னிய குல்லாவோடு நீ அனுப்பிய படத்தை உன் அம்மா சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். பாண்டி பஜாரில் நான் பேரம் பேசி வாங்கித் தந்த மங்கிக் குல்லா எங்கே போயிற்று? போன கிறிஸ்துமஸுக்கும் நீ வரவில்லை, இந்தத் தடவையும் மார்கரேட்டா கூப்பிடுறாங்க, யோசிச்சுச் சொல்றேன்பா என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது, மோர் குடித்தும் அடங்கவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு வழக்கம்போல உன் தாத்தாவின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போனோம். பவுல்சாமி துரையின் கல்லறையைப் படம் பிடித்து மார்கரேட்டாவுக்கு அனுப்பியே தீருவேன் என்று கல்லறைத் தோட்டம் முழுக்கத் தேடி வேர்த்துப் போய் வந்து, நம் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தான். உனக்கு நினைவிருக்கும், தாத்தா பக்கத்தில் தாழ்வாக ஒரு கல் மேடை, வருஷா வருஷம் மிச்சச் சுண்ணாம்பை அதன்மேல் கொட்டுவோம், காய்ந்ததும் அடுத்த வருஷம் அதில் உட்கார்ந்து பன்னும் டீயும் சாப்பிடுவோம், நீ குழந்தையில் அதில்தான் தூங்குவாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து சும்மா நகத்தால் சுரண்டினேன், ஒரு பாளம் பெயர்ந்து ஹோல்ம் என்று எழுத்து வந்தது. பொய் சொல்வானேன், உடனே பூக்கூடையை இழுத்து அதன்மேல் வைத்துவிட்டேன். இது கிடைத்தால் நீ இன்னும் கொஞ்சம் அவர்கள் பிள்ளையாகிவிடுவாய் என்று பட்டது. உன் அம்மா செவ்வந்தி எடுக்கக் கூடையைத் தூக்கினாள், அவ்வளவுதான். மூன்று தலைமுறையாகக் குடும்பமே துரையின் மேல் உட்கார்ந்து பன் தின்றிருக்கிறது. பவுல்சாமி எழுந்த வேகத்தில் டீயைக் கொட்டிக்கொண்டான், எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

முழுக்கச் சுரண்டினோம். பிறந்தது கோத்தன்பர்க், இறந்தது மயிலாப்பூர், அவ்வளவுதான் எழுதியிருந்தது. துரையின் அம்மா, பிள்ளை கப்பலேறிய பிறகு சாகும் வரை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மேஜையில் அவனுக்கு ஒரு தட்டு வைத்தாள் என்று மார்கரேட்டா சொன்ன கதையை நீ சொன்னபோது, தட்டில் என்ன மீன் என்று கேட்டுச் சிரித்தவன் நான். அந்தக் கல்லைப் பார்த்த பிறகு சிரிப்பு வரவில்லை. துரை உங்கள் எல்லோருக்கும் சொந்தம், எனக்குத்தான் யாருமில்லை என்று பொருமிக்கொண்டிருந்தேன். எனக்கும் அந்தக் குடும்பத்தில் ஒரு ஆள் இருக்கிறாள், அந்தத் தட்டு வைத்த அம்மா.

கிறிஸ்துமஸுக்கு மார்கரேட்டாவையும் கூட்டிக்கொண்டு வா, கல்லைக் காட்டலாம், மிளகில்லாத ரசம் வைக்கச் சொல்கிறேன். அம்மா அச்சுமுறுக்குக்கு மாவு அரைக்கக் கொடுத்துவிட்டாள். காதில் குளிர் படாமல் பார்த்துக்கொள், மாதா உன்னைக் காக்கட்டும். டிக்கெட்டை இந்த வாரமே போட்டுவிடு. காலித் தட்டெல்லாம் என்னால் வைக்க முடியாதம்மா, வைத்தால் பவுல்சாமி உட்கார்ந்து சாப்பிட்டுவிடுவான்.

இந்த வீட்டில் மிச்சமிருக்கும் ஒரே துரை,
உன் அப்பா அய்யாதுரை