கடையில் விட்டுவந்த அட்டை

ஒக்டோபர், சனிக்கிழமை இரவு. ஹம் நகரம், ஜெர்மனி.

பழைய ரயில் நிலையங்களைத் தேடிப் போகும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடலாம் போலிருக்கிறது.

இன்று மனைவி ராணியும் நானும் போன சிற்றூரில், நிலையத்தின் காத்திருப்பு மண்டபம் பியர்க்கடையாகிவிட்டது. மரத்தாலான பழைய ரிக்கற் யன்னல் மட்டும் அப்படியே இருந்தது. அதைப் படமெடுத்துக்கொண்டு நின்றபோது கடைக்காரர் பின்னால் வந்து, எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். என் கை தானாகப் போய், அடையாள அட்டையை எடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டது.

அவர் குழம்பிப்போனார். மேலே பழைய சிக்னல் அறை இருக்கிறது, திறந்து காட்டட்டுமா என்றார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று பொய் சொல்லி ராணியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பிறகு ஒரு மணித்தியாலம் குளிரில் நின்றோம்.

"ஏனப்பா அவுஸ்வைஸைக் காட்டினனீங்கள்? அந்தாள் கேக்கவேயில்லையே," என்றாள் ராணி.

அவள் இந்த நாட்டுக்குப் பிந்தி வந்தவள். நான் அகதியாக இருந்த காலத்தில் எங்களுக்கு மாவட்டம் தாண்ட அனுமதியில்லை. அப்படித் தாண்டிப் போனபோது இப்படியான ஒரு நிலையத்தில்தான் பொலிஸார் என்னைப் பிடித்தார்கள். அன்றும் முதலில் கேட்டது, எங்கிருந்து வருகிறாய் என்றுதான். அதற்குப் பிறகு நடந்ததை ராணிக்குச் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்து பேர்ஸைத் திறந்தால் அட்டை இல்லை. வீட்டு விலாசம் உள்ள அட்டையைக் கடையிலேயே விட்டுவிட்டேன்.

"நாளைக்கு ரெலிபோன் எடுத்துக் கேப்பம். இப்ப நீங்கள் ஜெர்மன்காரன்தானே, ஆர் வரப்போகினம்? படுங்கோ."

அவள் நித்திரையாகிவிட்டாள். கீழே ஒரு கார் வந்து நின்றது. அதன் கதவு திறக்கும் சத்தம் இன்னும் கேட்கவில்லை. வாசலில் கிடந்த சப்பாத்தை எடுத்துவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.